ஐ.சி.யூ. நர்ஸ் படிக்க இங்கிலாந்து போனால், உடம்புக்கு முடியாதபோது தானே சமாளித்துக்கொள்ள மாட்டாளா?

கேள்வி: "என் தங்கை தஞ்சாவூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மூன்று வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள். செப்டம்பரில் எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் படிக்க இங்கிலாந்து போகிறாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு 'ஹெல்த் லிட்டரசி' என்று ஒரு வகுப்பு உண்டாம், கட்டாயம் வரவேண்டுமாம். நர்ஸுக்கே இதைச் சொல்லித்தருவார்களா என்று வீட்டில் சிரிக்கிறோம். அதோடு, சூட்கேஸில் என்னென்ன மருந்து கொடுத்து அனுப்பலாம் என்றும் சொல்லுங்கள்."

சிரித்து முடித்ததும் அந்த வகுப்புக்குத் தவறாமல் போகச் சொல்லுங்கள். நான் பார்மசிஸ்ட். மதுரையில் பி.பார்ம். முடித்து, சில வருடம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, இங்கிலாந்தில் பார்மசிஸ்டாகப் பதிவு பெறுவதற்கான ஒரு வருடப் படிப்புக்காக 2016-இல் வந்தேன். உங்கள் வீட்டில் சிரித்த அதே சிரிப்பை நானும் சிரித்தேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வந்த முதல் வாரமே பக்கத்திலுள்ள ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பெயர் பதியச் சொன்னார்கள். நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். அம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிப்ரவரியில் நீர்க்கடுப்பு வந்தது. டின்னைத் திறந்தேன், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அட்டை இருந்தது. இரண்டு நாள் போட்டேன், எரிச்சல் நின்றது. மீதி ஆறு மாத்திரையை 'அடுத்த தடவைக்கு ஆகும்' என்று திரும்ப டின்னில் வைத்தேன். பாதியில் நிறுத்தாதீர்கள் என்று கடையில் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருக்கும் வாய் இது.

நாலைந்து நாளில் குளிர்க்காய்ச்சல், வலது விலாவில் குத்தல். பக்கத்து அறையில் நைஜீரியாவிலிருந்து வந்த நர்சிங் மாணவி இருந்தாள். என்னைப் பார்த்ததும் 111-க்கு போன் போட்டாள். மருத்துவ ஆலோசனை கேட்க அப்படி ஒரு எண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் வந்து, "ஹேவ் யூ பீன் சிக்?" என்றார். நாலு நாளாக உடம்பு சரியில்லையே! "யெஸ், ஃபோர் டேஸ்" என்றேன். உடனே சாம்பல் நிற அட்டைக் கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்தார். வாந்தியை நிறுத்தும் ஊசி, குளுக்கோஸ் என்று ஏற்பாடு நடந்தது. இந்த ஊரில் 'சிக்' என்றால் வாந்தி. நாலு நாளாக வாந்தி எடுக்கிறாள் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வந்த டாக்டர், "ஹவ் ஆர் த வாட்டர்வொர்க்ஸ்?" என்றார். ஹாஸ்டலைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, ஷவரில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றேன். அவர் கேட்டது நான் சிறுநீர் கழிப்பதைப் பற்றி.

சிறுநீரகத் தொற்று. மூன்று நாள் படுக்கை. எனக்கு மருந்தியல் தெரியாமலா போனது? சிப்ரோஃப்ளாக்சசின் எந்த என்சைமைத் தடுக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். யாரிடம் போவது, எப்போது போவது, என்ன வார்த்தையில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த வகுப்பு நடத்துவது அதற்காகத்தான்.

'ஹெல்த் லிட்டரசி'யைத் தமிழில் 'சுகாதார எழுத்தறிவு' என்று எழுதுகிறார்கள். எழுத்தறிவு என்றதும் படிக்காதவர்களுக்கான சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது. டான் நட்பீம் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 2000-இல் இதை மூன்று படியாகப் பிரித்தார். மருந்துச் சீட்டையும் துண்டுப் பிரசுரத்தையும் படித்துப் புரிந்துகொள்வது முதல் படி. மருத்துவரோடு பேசி, கேட்டு, நமக்கு வேண்டியதைப் பெறுவது இரண்டாவது. கிடைத்த தகவலை எடைபோட்டு, நம் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சூழலையே கேள்வி கேட்பது மூன்றாவது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஆஸ்போர்ன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட கேள்வித்தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 44 கேள்வி, 9 பிரிவு. மருத்துவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பது ஒரு பிரிவு. முடியாதபோது கூட நிற்க ஆள் உண்டா என்பது ஒரு பிரிவு. மருத்துவரிடம் வாய்விட்டுப் பேச முடிகிறதா, இந்த மருத்துவ அமைப்புக்குள் வழி கண்டுபிடித்துப் போக முடிகிறதா என்பவை தனித்தனிப் பிரிவுகள். உங்கள் தங்கையை உட்கார வைத்துக் கேளுங்கள். தகவலைத் தேடுவது, புரிந்துகொள்வது, சரிபார்ப்பது போன்றவற்றில் நல்ல மதிப்பெண் வாங்குவாள். நான் மேலே சொன்ன நாலும் ஊர் மாறியதும் அடியோடு சரியும். விமானம் ஏறியதால் அவள் அறிவு குறையாது. வழி தெரிந்த ஊரிலிருந்து தெரியாத ஊருக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு நர்ஸ் என்ன செய்வாள்? கூட வேலை பார்க்கும் டாக்டரிடம் வராந்தாவில் நின்று ஒரு வார்த்தை கேட்பாள். நேராகத் தைராய்டு ஸ்பெஷலிஸ்டிடமே போவாள். இங்கே ஸ்பெஷலிஸ்டிடம் நேராகப் போக முடியாது. பெரும்பாலும் வாசல் ஜி.பி.தான். அந்த வாசலுக்கு முன்னால் ரிசப்ஷனிஸ்ட். "எதுக்காகப் பார்க்கணும்?" என்று அவர் போனிலேயே கேட்பார். நம் பெண்களுக்கு அங்கேயே முகம் சுருங்கிவிடும். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இந்தப் பெண்ணிடம் எதற்குச் சொல்லணும் என்று வைத்துவிடுவார்கள். அவர் வம்புக்குக் கேட்கவில்லை. டாக்டரா, நர்ஸா, பார்மசிஸ்டா, இன்றைக்கேவா, அடுத்த வாரமா என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. சொல்லக் கூச்சமாக இருந்தால் 'பெண்கள் தொடர்பான பிரச்சினை' என்று மட்டும் சொன்னாலும் போதும்.

உள்ளே போனால் அடுத்த அதிர்ச்சி. "நீங்கள் என்ன எதிர்பார்த்து வந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்பார். 'என்ன வேணும்னு என்கிட்டயே கேக்குறார், இவருக்கு ஒண்ணும் தெரியலே' என்று என் கவுன்டரில் வந்து புலம்பிய மாணவர்களுக்குக் கணக்கே இல்லை. நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்பது இங்கே ஜி.பி.க்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரும் முறை. டாக்டர் பேச நாம் தலையாட்டிப் பழகியவர்கள். அதனால் அந்தக் கேள்விக்கு "ஒண்ணுமில்லே டாக்டர், சும்மா" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலேயே எழுந்து வருகிறோம்.

கடைசியில் அவர் பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பார். ஊசி இல்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை. நம் ஆட்கள் காது அங்கேயே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் வரும்: இத்தனை நாளில் குறையாவிட்டால், அல்லது இன்னின்னது வந்தால், திரும்ப வாருங்கள். சொல்லப்போனால் அன்றைய சிகிச்சையே அந்த வாக்கியம்தான். எத்தனை நாள், என்னென்ன அறிகுறி என்று அங்கேயே போனில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மொழி விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியவர்களும் விழும் பள்ளம் அது. மூச்சுத்திணறலுக்கு 'டிஸ்னியா' தெரியும், நீர் எரிச்சலுக்கு 'டிஸ்யூரியா' தெரியும். இங்கே நோயாளியாகப் பேச அந்தச் சொற்கள் உதவாது. 'லூஸ் மோஷன்' என்றால் சிலருக்குப் புரியும், சிலர் விழிப்பார்கள். 'கேஸ் டிரபிள்' என்றால் சமையல் அடுப்பா என்று கேட்காத குறை. 'ஃபீவர்' என்றால் எத்தனை டிகிரி என்பார்கள். நாம் தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சலும் 'உள்காய்ச்ச'லும் இங்கே எண்ணாக மாறினால்தான் மதிப்பு, எனவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொடுங்கள். 'தலை சுத்துது' என்பதற்கு நம்மிடம் ஒரே சொல். அறை சுழல்கிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா என்று இங்கே பிரித்துக் கேட்பார்கள். பதிலைப் பொறுத்து வைத்தியமே மாறும்.

தமிழே கைகொடுக்காத இடமும் உண்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் ஈழத்துப் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் நம் மாணவிகளை, 'உனக்குத் தமிழ் தெரியுமே' என்று படுக்கையருகே கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு திருநெல்வேலிப் பெண்ணிடம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, "ரெண்டு நாளாச் சத்தி, பிள்ளை. தலையிடியும் கிடக்கு. குளிசை போட்டும் நிக்கேல்லை" என்றிருக்கிறார். இவள் 'சத்தி'யை 'சக்தி' என்று கேட்டு, உடம்பில் தெம்பு இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். சத்தி என்றால் அங்கே வாந்தி. குளிசை, மாத்திரை. அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சுதாரித்ததால் பிழைத்தாள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும் என்பதே இங்கே வழிகாட்டு நெறி. உங்கள் தங்கைக்கும் அது பொருந்தும். 111-க்கு போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். காய்ச்சலில் கிடக்கும்போது ஆங்கிலம் ஓடிவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. மருத்துவத் துறை மாணவர்களுக்கென்றே ஒரு தனித் தடை உண்டு: 'நர்ஸா இருந்துட்டு இதுகூடத் தெரியாதா' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கணக்கியல் படிக்க வந்த பையன் கவுன்டரில் வந்து "எனக்கு ஒண்ணும் புரியலே அக்கா" என்று கூசாமல் கேட்டுவிடுகிறான். மருத்துவம் சார்ந்தவர்கள் கேட்பதில்லை, கூகுளில் ஆராய்ச்சிக் கட்டுரை தேடுகிறார்கள். இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் இணையதளத்தை 9 முதல் 11 வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மொழியில் எழுத வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. எப்போது ஆம்புலன்ஸுக்கான 999, எப்போது 111, எப்போது வீட்டிலேயே இருக்கலாம் என்று அதில் பளிச்சென்று இருக்கும். முதுகலை படிக்கிறவர்கள் அதைக் குழந்தைப் பாடம் என்று தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

மனநலத்தில் இந்தத் தடை இன்னும் உயரம். தூக்கம் இல்லை, அழுகை வருகிறது என்று ஜி.பி.யிடம் சொன்னால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்து, நர்சிங் பதிவு போய், விசா போய்விடும் என்று ஒரு கதை ஹாஸ்டல்களில் உலவுகிறது. உயிருக்கு ஆபத்து மாதிரியான நிலைமை தவிர, உங்கள் சம்மதமில்லாமல் ஜி.பி. பல்கலைக்கழகத்திடம் எதையும் சொல்வதில்லை. நர்சிங் பதிவுக் கவுன்சிலும் நோய் இருக்கிறதா என்று பார்த்து ஆளைத் தள்ளுவதில்லை, பாதுகாப்பாக வேலை செய்ய முடியுமா என்றுதான் பார்க்கிறது. இங்கிலாந்தில் கவலை, மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைக்கு ஜி.பி.யைக்கூடப் பார்க்காமல் தானே பெயர் கொடுக்கலாம்.

பணக் கணக்கு ஒன்று. விசாவோடு சேர்த்து மருத்துவக் கூடுதல் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரி 6 முதல் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட எம்.எஸ்சி.க்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் மாதங்களையும் சேர்த்து ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு வரும். அவ்வளவு கட்டிவிட்டு, ஜி.பி.யைப் பார்த்தால் பில் வருமோ என்று பயந்து அறையில் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜி.பி.யைப் பார்ப்பது இலவசம், மருத்துவமனையில் சேர்வதும் இலவசம். பெயர் பதிய முகவரிச் சான்றுகூடக் கட்டாயமில்லை; கேட்டால் இல்லை என்று சொல்லலாம். மருந்துக்குத்தான் காசு. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் கிடையாது. உங்கள் தங்கை தைராய்டு மாத்திரை போடுகிறவளா? தைராய்டு சுரப்பு குறைவுக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இங்கிலாந்தில் விலக்குச் சான்றிதழ் உண்டு. ஜி.பி.யிடம் படிவம் கேட்டால் போதும், தைராய்டு மருந்து மட்டுமல்ல, எல்லா மருந்தும் இலவசம். பல பெண்கள் இது தெரியாமல் ஊரிலிருந்து வருடம் முழுக்க மாத்திரையைக் கூரியரில் வரவழைக்கிறார்கள். பல் வைத்தியம் தனிக் கதை. அதற்கு இந்தக் கட்டணம் முழுதாகக் கைகொடுக்காது, கிளம்பும் முன் ஊரிலேயே பல்லைக் காட்டிவிடச் சொல்லுங்கள்.

என்னை மருத்துவமனைக்கு அனுப்பிய நீர்க்கடுப்புக்கு இன்று ஜி.பி.கூட வேண்டாம். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டம் நடக்கிறது. 16 முதல் 64 வயதுப் பெண்களுக்கு வரும் சிக்கலில்லாத நீர்க்கடுப்பு, தொண்டை வலி, சைனஸ், அக்கி என்று ஏழு கோளாறுகளுக்கு, தேவைப்பட்டால், பார்மசிஸ்டே ஆன்டிபயாட்டிக்கோ வேறு மருந்தோ கொடுக்கலாம். அந்தப் பேச்சை இப்போது திரைக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் நான்தான் நடத்துகிறேன். முதல் கேள்வியாக "ஊரிலிருந்து கொண்டுவந்ததில் ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வரும்.

காசநோய்க் கடிதத்தையும் சொல்லிவைக்கிறேன், வந்தால் பதறாமல் இருக்க. விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பாள், நார்மல் என்று வந்திருக்கும். அப்படியிருந்தும் சில பகுதிகளில் ஜி.பி. பதிவுக்குப் பிறகு, காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களை ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். எக்ஸ்ரே பார்ப்பது வெளிப்பட்ட நோயை. ரத்தப் பரிசோதனை தேடுவது உள்ளே தூங்கும் கிருமியை. சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி இந்தப் பரிசோதனையைக் குழப்பாது. பாசிட்டிவ் என்று வந்தாலும் விசாவுக்கு ஒன்றும் ஆகாது, சிகிச்சை இலவசம்.

இனி சூட்கேஸ். அவள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மூன்று மாதத்துக்குக் கொடுத்தனுப்புங்கள், கூடவே டாக்டர் கடிதம். கடிதத்தில் பிராண்டு பெயர் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் அளவும் வேண்டும். இங்கே உள்ள டாக்டருக்கு நம் ஊர் பிராண்டு எதுவும் தெரியாது. தடுப்பூசி விவரத்தைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2017-இல் வந்த தட்டம்மை–ருபெல்லா ஊசியில் புட்டாலம்மைக்கு, அதாவது பொன்னுக்கு வீங்கிக்கு, பாதுகாப்பு இல்லை. இங்கே ஹாஸ்டல்களில் புட்டாலம்மை பரவுவதுண்டு. வந்ததும் ஜி.பி.யிடம் இந்த மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி கேட்கலாம், காசில்லை. 25 வயதுக்குள் என்றால் மூளையுறை அழற்சிக்கான (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசியும் கேட்கலாம்.

டோலோ 650 ஒரு அட்டை போதும். அதையும் ஒரு எச்சரிக்கையோடு கொடுங்கள். சளி பிடித்தால் இங்கே எல்லோரும் வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் லெம்சிப் மேக்ஸ் பொட்டலம் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. ஒரு நாளைக்கு 4,000 தாண்டக்கூடாது. டோலோவும் போட்டு அதையும் குடித்தால் என்ன ஆகும் என்று ஐ.சி.யூ. நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை எலுமிச்சைச் சாறு என்று நினைத்துக் குடித்தவர்களில் ஒரு நர்ஸையும் எனக்குத் தெரியும். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை, டாக்டர் ரத்தம் பார்த்து எழுதியிருந்தால் மட்டும் வையுங்கள், அதுவும் சொன்ன வாரக் கணக்குக்கு. இங்கே குளிர்காலத்தில் தினமும் சாப்பிடச் சொல்வது 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட்தான். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் ஒரு அட்டைகூட வேண்டாம். அம்மா வற்புறுத்துவார்கள், கொடுத்துவிட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். பதிலுக்கு இஞ்சி மொரப்பாவும் சுக்கு மல்லிப் பொடியும் அந்த டின்னில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். என் அம்மாவை இப்போது அப்படித்தான் சமாளிக்கிறேன்.